வரப்போகும் நிதியை நம்பி வாங்கிய கடன்

கேள்வி: எனக்கு வயது 46. தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 82,000 ரூபாய். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு வருடத்துக்கு முன் ஒரு அறக்கட்டளை பதிவு செய்தோம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறோம். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். இப்போது 24 பேர், ஒருவருக்கு வருடம் சராசரியாக 22,000 ரூபாய். நாங்கள் ஆளுக்கு மாதம் 4,000 போடுகிறோம். பற்றாக்குறையை இரண்டு வருடமாக நான்தான் சமாளிக்கிறேன். பெர்சனல் லோன் 14 சதவீத வட்டியில் 4 லட்சம், மனைவியின் நகையை வைத்து 2 லட்சம், கிரெடிட் கார்டில் 1.2 லட்சம். கார்டு விஷயம் மனைவிக்குத் தெரியாது. அவசரத்துக்குப் பல சமயம் என் கணக்கிலிருந்தே கல்லூரிக்கு நேராகக் கட்டிவிடுவேன். பதினோரு பெரிய கம்பெனிகளுக்கு சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூக நலத்துக்கென்று செலவிடும் பணம்) கேட்டு எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை. பத்து லட்சம் கிடைத்தால் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தொடரலாம். ஆலோசகர் ஒருவர் 40,000 முன்பணமும், கிடைப்பதில் 10 சதவீதமும் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவும் இன்னும் எடுக்கவில்லை. இதற்கிடையில் அக்கா, ‘ஊரான் பிள்ளைக்கெல்லாம் கட்டுறே, சொந்த மருமகனுக்குக் கட்டமாட்டியா’ என்கிறார். அவனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் வருடம் 90,000. என்னிடம் மகள் படிப்புக்கென்று 1.5 லட்சம் எஃப்டி இருக்கிறது. சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டுக்கு மாதம் 5,000 எஸ்ஐபியும் போகிறது. நான் என்ன செய்ய?

பதில்: நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு.

24 பேருக்கு 22,000 வீதம் வருடச் செலவு 5.28 லட்சம். ஐந்து பேர் போடுவது வருடத்துக்கு 2.4 லட்சம். பற்றாக்குறை 2.88 லட்சம், இரண்டு வருடத்துக்கு 5.76 லட்சம். ஆனால் உங்கள் கடன் 7.2 லட்சம். நடுவில் இருக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான் ஊகித்துச் சொல்கிறேன்: ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடனிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

சரி, அந்த 7.2 லட்சத்துக்கு வருட வட்டி எவ்வளவு? பெர்சனல் லோனுக்கு முதல் வருடத்தில் சுமார் 50,000. நகைக்கடன் 10 சதவீதம் என்று வைத்தால் 20,000. கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 50,000, அதன் மேல் ஜிஎஸ்டி ஒரு 9,000. மொத்தம் 1.3 லட்சத்தைத் தொடுகிறது. ஆறு பிள்ளைகளின் வருடக் கட்டணம் இது. அந்த ஆறு பேருக்குப் பதிலாக மூன்று கடன்காரர்களைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களைக் கவிழ்ப்பது தாராள மனசு இல்லை. பணம் வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பதுதான் கவிழ்க்கிறது. ஜூன் மாதம் ஒரு அம்மா மார்க் ஷீட்டோடு வந்து நிற்பார், ‘பார்த்துக்கலாம்’ என்பீர்கள். அந்த ஒரு சொல் ஒரு வருடத்துக்கானது இல்லை, மூன்று வருடத்துக்கு 66,000 ரூபாய். அதை வரப்போகிற சிஎஸ்ஆர் பணம் பார்த்துக்கொள்ளும் என்று மனசு சொல்கிறது. வராத மழைக்கு விதைத்துவிட்டு, விதைநெல்லுக்கும் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

பத்து லட்சம் வந்தாலும் உங்கள் கடன் அடையாது. நன்கொடை நிதி குறிப்பிட்ட வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்காகத் தரப்படுவது. பழைய செலவை ஈடுகட்டவோ, அறங்காவலரின் சொந்தக் கடனை அடைக்கவோ யாரும் தரமாட்டார்கள். வாங்கிய பணத்தில் உங்கள் லோனைக் கட்டினால் நிதி தந்தவர் கணக்கில் அது முறைகேடு. வருமான வரித் துறையின் கண்ணில், அறக்கட்டளைப் பணத்தால் அறங்காவலர் ஆதாயம் அடைந்ததாக ஆகும், வரிவிலக்குக்கே ஆபத்து. ஆக, அந்த 7.2 லட்சம் உங்களுடையது. உங்கள் சம்பளத்திலிருந்துதான் அடையவேண்டும். இதை ஏற்றுக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் அவ்வளவு கஷ்டமில்லை.

எஃப்டியை உடைத்துக் கார்டை முழுதாக மூடுங்கள். ஏழு சதவீதத்துக்குப் பணத்தைப் போட்டுவைத்து 42 சதவீதத்துக்குக் கடன் வைத்திருப்பதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. மினிமம் என்று மாதம் 6,000 கட்டுகிறீர்கள் என்றால் வட்டி 4,200, ஜிஎஸ்டி சுமார் 750, அசலில் குறைவது ஆயிரம்தான். ஸ்மால்கேப் எஸ்ஐபியையும் நிறுத்துங்கள். இப்போது யாரைப் பார்த்தாலும் ஸ்மால்கேப்தான். பத்து வருடம் தொடாமல் வைக்க முடிந்தவர்களுக்கு அது சரி, நகை அடகில் இருக்கும் வீட்டுக்கு இல்லை. எஸ்ஐபியின் 5,000, கார்டில் மிச்சமாகும் 6,000, ஆக மாதம் 11,000. அதை நகைக்கடனில் போட்டால் சுமார் 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பெர்சனல் லோனின் ஈஎம்ஐ நான்கு வருடத் தவணை என்றால் 10,900 சொச்சம் வரும், அது பாட்டுக்கு ஓடட்டும்.

இனி பிள்ளைகள். இருப்பவர்களை நடுவில் விடச் சொல்லமாட்டேன். வரும் ஜூனில் புதிதாக ஒருவரையும் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பு என்பதால் தோராயமாக ஒன்பது பேர் இந்த வருடத்தோடு முடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 15 பேருக்கு 3.3 லட்சம், வரவு 2.4 லட்சம், குறைவது 90,000.

இந்த 90,000 எங்கிருந்து வரும்? பிள்ளைகள் அரசிடமிருந்து என்னென்ன வாங்குகிறார்கள் என்று எப்போதாவது உட்கார்ந்து கேட்டீர்களா? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில் வந்தது, அதே தொகை. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகைக்கு உரியவர்கள். பொறியியல் போன்ற படிப்பில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது, அவருக்கு நீங்கள் கட்டவே தேவையில்லை. பாதி வீடுகளில் வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, வருமானச் சான்று காலாவதி ஆகிவிட்டது என்று ஏதோ ஒரு சின்னக் காரணத்தில் இது நின்றுபோயிருக்கும். உங்கள் அறக்கட்டளை செய்யக்கூடிய பெரிய உதவி அந்தக் காகித வேலைதான். அதற்குக் கடன் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

15 பேரில் பத்துப் பேருக்கு மாதம் 1,000 வருகிறது என்று வையுங்கள். முழுவதையும் கட்டணத்தில் கழிக்கச் சொல்லமாட்டேன், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வேண்டும். பாதியைக் கட்டணத்துக்கு ஒதுக்கினால் ஆளுக்கு 6,000, மொத்தம் 60,000. மீதி 30,000-க்கு நண்பர்கள் ஆளுக்கு மாதம் 500 கூட்டினால் முடிந்தது. உங்கள் பங்கும் அந்த 4,500 மட்டுமே. அதற்கு மேல் ஒரு ரூபாய் உங்கள் பையிலிருந்து போகக்கூடாது.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். பதினோரு பேரும் பதில் போடாததில் ஆச்சரியம் இல்லை. 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய இரண்டு பதிவுகளும் இல்லாத அறக்கட்டளை வழியாக எந்தக் கம்பெனியும் சிஎஸ்ஆர் செலவு செய்ய முடியாது. அவை வந்த பிறகு, சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான பதிவுப் படிவமான சிஎஸ்ஆர்-1 போடவேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். படிவம் சமர்ப்பித்ததும் பதிவெண்ணைக் கணினியே தந்துவிடும், இதில் யாருடைய செல்வாக்குக்கும் வேலையில்லை. இதே துறையில் மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. ஒரு நல்ல ஆடிட்டர் கூலி வாங்கிக்கொண்டு இதையெல்லாம் முடித்துத்தருவார். முன்பணமும் கமிஷனும் கேட்கும் ஆலோசகர் என்ன தருவார்? சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் எக்கச்சக்கம். அப்படியே அவர் வாங்கித் தந்தாலும், பத்து லட்சத்தில் ஒரு லட்சத்தை எந்தத் தலைப்பில் கணக்கில் எழுதுவீர்கள்? பிள்ளைகளின் கட்டணம் என்றா?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கல்லூரிக்கு நேராகக் கட்டினீர்கள். அப்படியென்றால் அறக்கட்டளையின் கணக்குப் புத்தகத்தில் தெரிவது வருடம் 2.4 லட்சம், அதாவது பத்துப் பதினோரு பிள்ளைகள். மற்ற பதின்மூன்று பேர் காகிதத்தில் இல்லவே இல்லை. விண்ணப்பத்தில் 24 என்று எழுதி, கணக்கில் பத்துப் பேருக்கான செலவைக் காட்டினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? கடன் வாங்கிச் செய்த நல்ல காரியம், உங்களைப் பொய்க்கணக்கு எழுதுகிறவர்போலக் காட்டிவிட்டது. இனி யார் கொடுத்தாலும், நீங்களே கொடுத்தாலும், அறக்கட்டளைக் கணக்கில் போட்டு, ரசீது எழுதி, அங்கிருந்து கல்லூரிக்குப் போகட்டும். பழையதை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ‘அறங்காவலர் தந்த கடன்’ என்று எழுதி, பிறகு நிதி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு மட்டும் போகாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் குறி தவறியிருக்கிறது. நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்று ஏதாவது ஒன்றைத் தொட்டாலே, கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி சிஎஸ்ஆர் செய்தாக வேண்டும். மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். சராசரி லாபம் 6 கோடி உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இது வருடம் 12 லட்சம். சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனிக் கமிட்டியே தேவையில்லை, போர்டே முடிவெடுக்கலாம். முதலாளியை நேரில் பார்க்க முடிகிற இடம் அது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமே சொல்வதால், பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலைகளைத் தேடுங்கள். பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உங்களைப்போல நூறு விண்ணப்பம் கிடக்கும்.

கேட்கும்போது பத்து லட்சம் என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஐந்து பிள்ளைகள், மூன்று வருடம், 3.3 லட்சம் என்று கேளுங்கள். தொடங்கும் வருடம் போக மூன்று வருடம் வரை ஓடும் தொடர் திட்டத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு பட்டப்படிப்பு அதற்குள் அடங்கிவிடும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நடுவில் நின்றவர் ஏன் நின்றார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். நின்றவரை மறைக்க வேண்டாம், படிக்கிறவருக்கு நம்பிக்கை வருவது அந்த வரியில்தான். அரசு உதவித்தொகை போக மீதிக்கு மட்டுமே கேட்கிறோம் என்ற ஒரு வாக்கியம் உங்களைத் தனியாகக் காட்டும். கடனைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். 80ஜி வந்தவுடன் தனிநபர்கள் கொட்டுவார்கள் என்றும் எண்ண வேண்டாம், புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது.

அக்காவுக்கு என்ன சொல்வது என்று தவிக்கிறீர்கள். உங்களுக்குச் சாதகமாகச் சட்டமே இருக்கிறது. அறங்காவலரின் உறவினருக்கு அறக்கட்டளைப் பணம் போகக்கூடாது, அந்த உறவினர் பட்டியலில் சகோதரியின் மகனும் வருகிறான். ‘எனக்கு ஆசைதான், ஆனா கட்டினா டிரஸ்டோட வரிவிலக்குக்கே ஆபத்து’ என்று சொல்லுங்கள், பழியைச் சட்டம் வாங்கிக்கொள்ளட்டும். உடனே ‘சரி, உன் கையிலிருந்து கொடு’ என்பார். அங்கேதான் நீங்கள் வழக்கமாகச் சறுக்குவீர்கள் என்று நினைக்கிறேன். 7.2 லட்சம் கடனை அவரிடம் சொல்லுங்கள். மருமகனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்க் கல்விக்கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள், 4 லட்சம் வரைக்கும் பொதுவாக அடமானம் கேட்கமாட்டார்கள். தாய்மாமன் செய்யவேண்டியது அந்த அளவில் போதும்.

எஃப்டியை உடைக்கும் முன்பு கார்டு விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மகள் படிப்புக்கென்று போட்ட பணம் அது. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நகை திரும்பி வர 20 மாதம் ஆகும் என்பதையும், அதுவரை புதிதாக எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள். ஜூன் மாதம் யாராவது மார்க் ஷீட்டோடு வந்தால், பேசுவதற்கு மனைவியையே முன்னால் உட்காரவையுங்கள்.