வாக்கு இயந்திரம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தபோது நான் வாக்குச்சாவடியில் இரண்டாம் அலுவலர். அப்புறம் ஓய்வு பெறும்வரை பல தேர்தல்களில் தலைமை அலுவலர். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது, கோபிக்காதீர்கள்.

கரூர்க்காரன்: எங்கள் தொகுதியில் 2024இல் 54 வேட்பாளர்கள், நான்கு பேலட் யூனிட் (நாம் பொத்தான் அழுத்தும் பெட்டி). இதற்கு எல்லை உண்டா?

உண்டு. ஒரு யூனிட்டில் 16 பொத்தான். நோட்டாவோடு உங்களுக்கு 55 ஆனதால் நான்கு. இப்போதைய எம்3 வகையில் 24 யூனிட் மாட்டலாம், 384 பெயர்வரை. நிஜாமாபாத்தில் 2019இல் 185 பேர் நின்றபோது 12 யூனிட் வைத்து முடித்தார்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அப்படி ஒன்று திரும்ப வந்தால் காகிதம்தான்.

மணி: ப்ளூடூத்தில் ஓட்டை மாற்றலாமாமே?

இயந்திரத்தில் ப்ளூடூத்தும் இல்லை, இணையமும் இல்லை. பேட்டரியில் ஓடுகிறது. அதற்காக யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்ரைப் ஆகிய ஆய்வாளர்கள் அசல் இயந்திரம் ஒன்றைத் திறந்தே காட்டினார்கள். எண் தெரியும் பலகையை எடுத்துவிட்டு அதே மாதிரி போலியை வைத்தால் பொய்க் கணக்கு வரும். அந்தப் போலிப் பலகைக்குக் கட்டளை போனது ப்ளூடூத்தில்தான்! ஆனால் அதை உள்ளே வைக்க முதலில் பெட்டியைத் திறக்க வேண்டுமே. சாவி யாரிடம் இருந்தது, சீல் யார் முன்னால் வைக்கப்பட்டது, வண்டியில் கூட யார் போனார்கள், அதைக் கேளுங்கள். 2021இல் வேளச்சேரியில் விவிபேட் கருவியை (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் பெட்டி) இருசக்கர வண்டியில் கொண்டுபோனார்கள். அந்த பூத்துக்கு மறுவாக்குப்பதிவே வைக்க வேண்டியதாயிற்று.

முதல் முறை ஏஜென்ட்: வேட்பாளர் சார்பில் பூத்தில் உட்காரப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். யாருக்கு எத்தனை என்று நீங்களும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பொத்தான்களை இந்த வரிசையில் அழுத்துகிறார்களா என்று பாருங்கள். எனக்கே ஒரு தடவை க்ளியர் அடித்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. டோட்டலை அழுத்திப் பூஜ்யத்தைக் கண்ட பிறகுதான் உயிர் வந்தது. விவிபேட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். சீல்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுங்கள். மாலையில் 17சி படிவத்தின் நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு அதில்தான் இருக்கிறது.

பெயர் வேண்டாம்: செல்போன் டவர் மூலமாக...

மணிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கணக்கு டீச்சர்: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விவிபேட்டின் சீட்டுகளை மட்டும் எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட்டால் போதுமா? ஏன் எல்லாவற்றையும் எண்ணக்கூடாது?

ஐந்து என்பது 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண். முழுவதும் எண்ணக் கேட்ட மனுவை 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தார்கள். இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டாம் என்பதே என் வாதமும். சின்னச் சீட்டு, எண்ணுவது அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆள்.

கணக்கு டீச்சர்: ஆள் களைப்பை வைத்து வாதாடாதீர்கள் ஐயா. 300 சாவடியில் 30 கெட்டிருந்தால், ஐந்தை எடுத்தால் ஒன்றாவது மாட்ட என்ன வாய்ப்பு?

கணக்குப் போட்டேன். சுமார் 41 சதவீதம். கெட்டது மூன்றே என்றால் 5 சதவீதம்தான். ஆனால் ஆறு தொகுதி சேர்ந்த நாடாளுமன்றத் தொகுதியில் முப்பது எடுக்கிறோம். எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று கெட்டிருந்தால் 95க்கு மேல் போகிறது.

கணக்கு டீச்சர்: சட்டமன்றத் தேர்தலில் அந்த முப்பது எங்கே? 200 ஓட்டில் ஜெயித்த தொகுதியைப் புரட்ட மூன்று இயந்திரம் போதுமே!

சரி, இங்கே தோற்றேன். எத்தனை ஓட்டில் ஜெயித்தாலும் ஐந்துதான் என்பது எனக்கும் உறுத்துகிறது. வித்தியாசம் குறையக் குறைய எடுக்கும் எண்ணிக்கை கூட வேண்டும். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று தேர்தல் நடத்தும் விதிகளில் 56டியில் இருக்கிறது. சீட்டுக்கு அந்த மரியாதை தந்த பிறகு எண்ணக் கஞ்சத்தனம் எதற்கு? சாதாரணக் குடிமகன் தனி அறிவு இல்லாமலே சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லித்தான் 2009இல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் அங்கிருந்த இயந்திரங்களை ஒதுக்கியது. அவற்றில் சீட்டே கிடையாது.

மணி: அப்போ வைஃபை?

மணி!

ஓட்டர்: நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால்?

சீட்டு ஏழு விநாடிதான் தெரியும், கண்ணை எடுக்காதீர்கள். மாறி வந்தால் அங்கேயே சொல்லுங்கள். 49எம்ஏ விதிப்படி எழுதி வாங்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் சோதனை ஓட்டு போட வைப்பார்கள். பொய் என்றால் தண்டனை உண்டு.

முதல் முறை ஏஜென்ட்: 17சி நகல் கேட்டு, தலைமை அலுவலர் அப்புறம் வா என்றால்?

49எஸ் விதி என்று சொல்லிக் கேளுங்கள். வாக்குப்பதிவு முடியும்போது அங்கே இருக்கும் ஏஜென்டுக்கு ரசீது வாங்கிக்கொண்டு அவர் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு மணிக்கு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.