முத்திரையை வெட்டி எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

தபால்தலை சேகரிப்பில் தொடங்கி, தபால்தலைக்கு முந்தைய கடிதங்கள் பக்கம் வந்திருக்கிறேன். அண்மையில் லண்டன் வழியாகப் போன பழைய கடிதம் ஒன்றை வாங்கினேன். உறை கிடையாது, தாளையே மடித்து அரக்கு வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் வட்டமாக ஒரு சிறிய தபால் முத்திரை, நடுவே கோடு, மேல்பாதியில் இரண்டு எழுத்து, கீழே ஓர் எண். மிக அரிதானது என்று விற்றவர் சொன்னார். தாள் பெரிது, ஓரமெல்லாம் கிழிசல். முத்திரையை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாமா? அது அரிதானதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தயவுசெய்து வெட்டாதீர்கள். கத்தரி பட்டுவிட்டால் அந்த முத்திரைக்கு வயது சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் அது பிஷப் முத்திரை. இங்கிலாந்தின் தபால்துறைத் தலைவராக இருந்த ஹென்றி பிஷப் 1661-ல் கொண்டுவந்தது. கடிதங்கள் தாமதமாகின்றன என்று புகார் இருந்த காலம். கடிதம் அலுவலகத்துக்கு வந்த நாளை அதன்மேலேயே குத்திவிட்டால், கொண்டுபோகிறவர் இடையில் போட்டுவைக்க முடியாது. அதற்கு நாளும் மாதமும் போதும் என்பதால் ஆண்டைப் பொறிக்கவே இல்லை. ஆகவே ஆண்டைத் தெரிந்துகொள்ள, கடிதம் எழுதியவர் உள்ளே போட்ட தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

மேலே மாதம், கீழே நாள் என்பது பழைய அமைப்பு. 1713 வாக்கில் இரண்டும் இடம் மாறின. ஆக, உங்களுடையது அதற்கு முந்தையதாக இருக்கலாம். தேதியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. பிப்ரவரி 1702 என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு அது 1703. சிலர் குழப்பம் வேண்டாமென்று 1702/3 என்று இரண்டையும் எழுதினார்கள்.

அரிதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். லண்டனில் இந்த வகை 1787 வரை புழக்கத்தில் இருந்தது, நிறையவே கிடைக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுக் கடிதத்தில் தெளிவாக விழுந்திருந்தால் நல்ல முத்திரை, அவ்வளவுதான். உண்மையில் அரிதானது வில்லியம் டாக்ராவின் முக்கோண முத்திரை. 1680-ல் அவர் லண்டனுக்குள் ஒரு பென்னிக்குக் கடிதம் சேர்க்கும் தபாலைத் தனியாக நடத்தினார். கட்டணம் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது என்பதை முக்கோணத்தின் மூன்று பக்கமும் எழுதி, நடுவே அலுவலகத்தின் முதலெழுத்தைப் போட்டார். 1682-லேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு அரசும் முக்கோணத்தையே தொடர்ந்தது, ஆனால் நடுவில் கிழமையும் சேர்ந்துகொண்டது. முக்கோணத்தைப் பார்த்ததுமே டாக்ரா என்று விலை சொல்கிறவர்கள் உண்டு. கிழமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், முகவரிப் பக்கத்தில் பேனாவால் கிறுக்கிய எண் ஏதாவது இருக்கிறதா? பலரும் அதை அழுக்கு மாதிரி நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு முத்திரையைவிட அதுதான் முக்கியம். அன்று பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும், நம்மூர் பேரிங் தபால் போல. தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் போட்டு, அதைக் கையால் எழுதிவிடுவார்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்காகி கட்டணம் இரட்டிப்பாகிவிடும். உங்கள் கடிதத்துக்கு உறை இல்லாததன் காரணம் இதுதான்.

போலியைப் பிடிக்கவும் இந்த எண் உதவும். வேலையாள் மூலமோ நண்பர் மூலமோ கொடுத்தனுப்பிய பழைய கடிதங்கள் ஏராளம். தாளும் மையும் அசல், தபாலில் மட்டும் போகவில்லை. அவற்றில் பிற்காலத்தில் முத்திரை குத்தி விற்பது சுலபம். முத்திரை இருந்தும் கட்டணம் எங்குமே இல்லையென்றால், அல்லது தூரத்துக்குக் கட்டணம் பொருந்தவில்லையென்றால், சந்தேகப்படுங்கள். மடித்த நிலையில் முத்திரை சரியான இடத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். வெட்டிய துண்டில் இதில் ஒன்றையும் சோதிக்க முடியாது.

கட்டணமும் முத்திரையும் சேர்ந்தே பேசும் என்பதற்கு இன்னோர் உதாரணம்: ஸ்காட்லாந்தில் 1813 முதல் 1839 வரை, நான்கு சக்கர தபால் வண்டியில் போன கடிதங்களுக்கு அரை பென்னி கூடுதல். ஊருக்கு ஊர் அதற்கு வெவ்வேறு முத்திரை. அவற்றை மட்டுமே சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுத்தான் படிப்பார்கள்.

கிழிசல் பற்றிச் சொன்னீர்கள். ஓரக் கிழிசலை அப்படியே விடுங்கள், ஒட்டுத்தாள் போடவே கூடாது. ஆனால் தாளின் நடுவே நேர்க்கோடாக உளியால் கீறியதுபோல வெட்டு இருந்தால் அது சேதமாக இல்லாமலும் இருக்கலாம். கொள்ளைநோய்ப் பயத்தில் கடிதத்தைக் கீறி, புகை காட்டியோ காடியில் நனைத்தோ அனுப்பியிருக்கிறார்கள். சில ஊர்களில் சுத்தம் செய்யப்பட்டது என்று தனி முத்திரையே குத்தினார்கள். அதற்கென்றே தேடுகிறவர்கள் உண்டு.

ஆல்பத்தில் இடமில்லை என்றால் ஆல்பத்தை மாற்றுங்கள். அமிலமற்ற பெரிய தாளில், பாலியெஸ்டர் உறையில் வைத்து, முத்திரைப் பக்கம் தெரிகிற மாதிரி பழைய மடிப்பிலேயே மடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தேதியின் நகலைப் பக்கத்தில் வைக்கலாம். அரக்கு உதிரும் நிலையில் இருந்தால் அடிக்கடி பிரிக்க வேண்டாம். ஒருமுறை கவனமாகப் பிரித்து எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிடுங்கள். முகவரிப் பக்கத்தின் படத்தை எனக்கும் அனுப்புங்கள், கட்டணத்தைப் படிக்க முடிகிறதா பார்க்கிறேன்.