மாறாத மாறி – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

மகள் ஏழாம் வகுப்பு. கணக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாறி, மாறிலி, கெழு, கோவை என்று வாயில் நுழையாத சொற்கள். ஆங்கிலத்திலேயே படிக்கட்டுமே என்று தோன்றுகிறது. நேற்று ஒரு கேள்வி கேட்டாள்: "3க − 5 = 145 என்றால் க 50 மட்டும்தான். மாறவே மாறாத இதை ஏன் மாறி என்கிறார்கள்?" அதெல்லாம் கேட்காதே, 5 அந்தப் பக்கம் போனால் குறி மாறும், விடையைப் போடு என்றேன். சரிதானே?

– ஒரு வாசகர், கருங்கல்

அன்புள்ள தம்பி,

சரியில்லை.

கெழு நுழையாத வாயில் கோயெஃபிஷியன்ட் மட்டும் எப்படி நுழைகிறது? எங்கள் அப்பா திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளியில் பீஜகணிதம், அதாவது நம் இயற்கணிதம், படித்தவர். 1956இல் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகும் சமன்பாடு அவருக்குச் சமவாக்கியம்தான். கணக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பேச்சை விடுங்கள்.

மகளின் கேள்வி அருமை. குளச்சலில் மூன்று கூறு சாளை மீன் எடுக்கிறீர்கள், பேரம் பேசி 5 ரூபாய் குறைக்கிறீர்கள். க என்பது கூறு அல்ல, ஒரு கூறின் விலை. 3க − 5 என்று மட்டும் எழுதினால் அது கோவை. 3க அதில் ஓர் உறுப்பு, 3 அதன் கெழு. சாளை விலை தினம் ஏறும் இறங்கும், ஆகவே க மாறி. அந்த 5 அசையாது, மாறிலி. இன்று 145 கொடுத்தேன் என்றதும் சமக்குறி வந்துவிடுகிறது, க பிடிபட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் 'அந்தப் பக்கம் போனால்' என்றீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. 5 எங்கே போகிறது, பஸ் பிடித்தா?

சின்ன வயதில் அயனி மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது. அப்பா எலும்பு கட்டும் ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனார். மாமா முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆசான் மணிக்கட்டைப் பிடித்தபடி, "மக்கா, அந்தா காக்கா" என்றார். திரும்பினேன். கடக். மாமா பிடிக்காமல் ஆசான் மட்டும் இழுத்திருந்தால் கையோடு நானும் போயிருப்பேன்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் 'அல்-ஜப்ர்' என்றொரு சொல் உண்டு. அல்ஜீப்ரா அதிலிருந்து வந்ததுதான். குறைபட்டதை மீட்டுச் சரிசெய்வது என்று பொருள். ஒடிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும் அதே சொல். ஸ்பெயினில் ஒரு காலத்தில் எலும்பு கட்டுபவருக்கு அல்ஜெப்ரிஸ்தா என்றே பெயர். (நம் ஆசான் கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார்.) அல்-குவாரிஸ்மியிடம் சமக்குறிகூடக் கிடையாது, எல்லாமே வாக்கியம். அந்த இரண்டு கோடுகளை 1557இல்தான் ராபர்ட் ரெக்கார்டு போட்டார். இவற்றைவிடச் சமமாக வேறு எந்த இரண்டும் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார்.

3க − 5 என்பது 5 ஒடிந்துபோன 3க. 5ஐ வைத்துக் கட்டுங்கள். இங்கே மட்டும் வைத்தால் சமம் போய்விடும், அங்கேயும் 5 வையுங்கள். 3க = 150. எதுவும் எங்கும் போகவில்லை, எந்தக் குறியும் மாறவில்லை. உங்கள் 'குறி மாறும்' பாடத்தை நம்பும் பிள்ளைதான் அடுத்த வரியில் 3ஐயும் அந்தப் பக்கம் அனுப்பி, 150இல் 3ஐக் கழித்து 147 என்று எழுதிவிட்டு அடி வாங்கும்.

மகளிடம் 2(க + 3) = 2க + 6 என்று எழுதிக் கொடுத்து, க எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை அவளே எனக்கு எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம்.