பனியில் உறைந்த கப்பலும் இருபது யூரோ வெள்ளி நாணயமும்: கேள்வி பதில்

கப்பல் பொறித்த வெள்ளி நாணயங்களில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்த அன்பர்கள், ஆஸ்திரிய நாணயச்சாலை 2005 ஜூன் 8 அன்று வெளியிட்ட ‘அட்மிரல் டெகெட்ஹோஃப்’ என்ற கப்பலின் வடதுருவப் பயண நினைவு நாணயம் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

மதுரை அன்பர்: ஐயா, அந்த நாணயத்தின் அளவு, எடை, உருவம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

முகமதிப்பு 20 யூரோ. விட்டம் 34 மி.மீ.; எடை 20 கிராம். அதில் 18 கிராம் தூய வெள்ளி, எஞ்சியது செம்பு. சேகரிப்பாளர்களுக்கென்று ‘புரூஃப்’ தரத்தில், அதாவது கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்புடன், 50,000 நாணயங்கள் அச்சிடப்பட்டன. பின்பக்கத்தில் துருவக் குளிருக்கான கனத்த உடை அணிந்த இருவர் நிற்க, அவர்களுக்குப் பின்னால் கப்பல் பனிக்கட்டியில் சிக்கி அசைவற்று நிற்கிறது. கப்பல் நாணயம் என்றாலே பாய் விரித்து அலையைப் பிளந்து செல்லும் கோலத்தைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். நகர முடியாமல் நின்றுவிட்ட கப்பலைப் பொறிக்கத் துணிந்தார்களே, அதற்காகவே இந்த நாணயம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

கல்லூரி மாணவி ஒருவர்: ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே இல்லையே, ஐயா. அந்த நாடு கப்பல் நாணயம் வெளியிடக் காரணம் என்ன?

இன்று இல்லை, 1918 வரை இருந்தது. திரியெஸ்தே, போலா ஆகிய துறைமுகங்களும் தல்மேசியக் கரையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தன. துருவப் பயணத்தில் சென்ற மாலுமிகளில் பலர் அந்த ஏட்ரியாட்டிக் கரையோரத்து மக்களே. இழந்துபோன அந்தக் கடல் வரலாற்றை நினைவுகூர 2004 முதல் 2006 வரை ஆறு நாணயங்கள் ஒரே தொடராக வந்தன. நாம் பேசும் நாணயம் அவற்றுள் ஒன்று.

திருச்சி அன்பர்: டெகெட்ஹோஃப் என்பவர்தான் இந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கினாரா?

இல்லை. கடற்படைத் தளபதி வில்ஹெல்ம் ஃபொன் டெகெட்ஹோஃப் 1871ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். மறு ஆண்டு புறப்பட்ட கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். கடலில் வைப்ரெக்ட் என்ற கடற்படை அதிகாரியும் தரையில் பயர் என்ற தரைப்படை அதிகாரியும் தலைமை ஏற்றார்கள்.

ஆயினும் தொடரின் முதல் மூன்று நாணயங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தளபதியின் வாழ்க்கையே அவற்றில் ஓடுவது தெரியும். ‘எர்ட்ஸ்ஹெர்சோக் ஃபெர்டினாண்ட் மாக்ஸ்’ 1866ஆம் ஆண்டு லிஸ்ஸா கடற்போரில் அவர் ஏறி நின்று போரிட்ட கப்பல். மெக்சிகோவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனின் உடலை அவர் தாயகம் கொண்டுவந்தது ‘நொவாரா’வில். மூன்றாவது, அவர் பெயரைத் தாங்கிய துருவக் கப்பல். உலகைச் சுற்றிவந்த அறிவியல் பயணத்தின்போது 1858ஆம் ஆண்டு இலங்கைக்கும் பின்னர் சென்னைக்கும் வந்து நின்றதும் இதே ‘நொவாரா’தான். ஆகவே இயன்றவர்கள் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஈரோடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: துருவம் நோக்கிப் போன ‘டெகெட்ஹோஃப்’ கப்பல் பின்னர் என்ன ஆயிற்று?

திரும்பி வரவில்லை. 220 டன் அளவுள்ள, நீராவிப் பொறியும் மூன்று பாய்மரங்களும் கொண்ட அக்கப்பல் 1872 ஜூனில் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபென் துறைமுகத்திலிருந்து 24 பேருடன் புறப்பட்டது. ஆகஸ்ட் மாதத்திலேயே ரஷ்யாவின் வடகடலில் உள்ள நோவயா செம்ல்யா தீவுக்கருகில் பனி அதைச் சூழ்ந்து இறுக்கிக்கொண்டது. அதன்பின் கப்பல் போகும் திசையைத் தீர்மானித்தவை காற்றும் கடலோட்டமும்தான். ஓராண்டு கழித்து, 1873 ஆகஸ்ட் 30 அன்று, எந்த நிலப்படத்திலும் இல்லாத மலைகள் கண்முன் தெரிந்தன. அத்தீவுக்கூட்டத்துக்குத் தங்கள் பேரரசரின் பெயரால் ‘ஃபிரான்ஸ் யோசெஃப் நிலம்’ என்று பெயரிட்டார்கள். இன்று அது ரஷ்யாவுக்குரியது.

பொறியாளர் ஓட்டோ கிரிஷ் நோயால் இறக்க, அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். கப்பல் இனி விடுபடாது என்று தெளிந்ததும், 1874 மே 20 அன்று அதைக் கைவிட்டு, படகுகளைச் சறுக்குவண்டிகளில் ஏற்றித் தெற்கு நோக்கி இழுத்துச் சென்றார்கள். அவர்கள் தெற்கே இழுக்க, காலடியிலிருந்த பனியோ வடக்கே நகர்ந்தது. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து இழுத்த பிறகும், விட்டுவந்த கப்பலிலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. தொலைவையே கடந்திருந்தார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது என்னால் அப்பக்கத்தைத் தாண்ட இயலவில்லை. ஆகஸ்டு நடுவில் பனியற்ற கடல் கிடைத்தது. அம்மாத இறுதிக்குள் ரஷ்ய மீன்பிடிக் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. இருபத்து மூவர் உயிருடன் திரும்பினார்கள்.

சேலம் அன்பர்: வடதுருவத்தை அடையாத பயணத்துக்கு நினைவு நாணயம் தகுமா?

முழுக்கத் தகும். துருவத்தைத் தொடும் போட்டியைவிட, பல நாடுகள் ஒரே காலத்தில் ஒரே முறையில் அளவீடுகளை எடுப்பதே அறிவியலுக்குப் பயன்படும் என்று வைப்ரெக்ட் திரும்பிவந்தபின் வாதிட்டார். 1882–83இல் முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டு நடந்தது அவர் சிந்தனையின் பயனே. அதைக் காணாமல் 1881ஆம் ஆண்டிலேயே அவர் இறந்தது எனக்குத் தீராத வருத்தம்.

சென்னை, புதிய சேகரிப்பாளர்: என் நாணயத்தின் ஓரம் மஞ்சளாகி வருகிறது. புளியோ விபூதியோ போட்டுத் துலக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிவதால் அந்நிறம் வருகிறது; அது நாணயத்தை அழிப்பதில்லை. ஆனால் புரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் ஒருமுறை துணி பட்டாலே மெல்லிய கீறல்கள் விழும். அவற்றை எவராலும் நீக்க முடியாது. உறைச்சிமிழிலிருந்து எடுக்காமல், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பி.வி.சி. எனும் நெகிழி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தஞ்சை அன்பர்: இதை வங்கியில் கொடுத்தால் 20 யூரோ கிடைக்குமா? போலியை எப்படி அறிவது?

இத்தகைய வெள்ளி யூரோ நாணயங்கள் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். ஆகவே ஆஸ்திரியாவுக்கு வெளியே முகமதிப்பை எதிர்பார்க்க வேண்டாம். வாங்குமுன் எடையையும் விட்டத்தையும் சரிபாருங்கள். காந்தம் ஈர்த்தால் அது வெள்ளியன்று. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10.3 கிராம் இருக்க வேண்டும் என்றாலும், அதற்காகப் புரூஃப் நாணயத்தை நீரில் இறக்கிப் பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஐயம் எழுந்தால், அந்த நாணயத்தை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.