இடிபாட்டுத் தூசிக்குப் பிறகு விடாத மூக்கடைப்பு: வேலைதான் காரணமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாகத் தீயணைப்பு மீட்புப் பணியில் இருக்கிறேன். இடிந்து விழுந்த ஒரு கட்டடத்தில் மூன்று வாரம் வேலை செய்த பிறகு தொடங்கிய மூக்கடைப்பு ஐந்து மாதமாகியும் போகவில்லை. வாசனையும் சரியாகத் தெரிவதில்லை. இது வேலையால் வந்ததா? வேலையில் இருந்துகொண்டே குணமாக்க முடியுமா?

பதில்: வேலைக்குப் பெரிய பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முதலில் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள். மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைக்குள்ளோ சளி வடிதல், முகத்தில் அழுத்தம், வாசனை குறைதல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சைனஸ் அழற்சியை (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளின் காற்றறைகளில் நீடிக்கும் அழற்சி) சந்தேகிக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருப்பது அவசியம். மூக்கினுள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியோ சி.டி. ஸ்கேனோ பார்த்துத்தான் காது மூக்கு தொண்டை மருத்துவர் முடிவு சொல்வார். வெறும் தலைவலியை வைத்து ‘சைனஸ்’ என்று பெயர் சூட்டிக்கொள்பவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலிதான்.

இடிபாட்டுத் தூசி சாதாரணப் புழுதி அல்ல. நொறுங்கிய கான்கிரீட்டும் சிமென்ட்டும் காரத்தன்மை உள்ளவை. ஈரமான மூக்குச் சவ்வில் படிந்ததும் அதை அரித்துவிடும். சளியை ஓயாமல் வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. சவ்வு வீங்கி, சைனஸ் அறைகளின் குறுகலான வாய் அடைபடுகிறது. உள்ளே தேங்கும் சளி அழற்சியை வளர்க்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடுவதால், நுரையீரல் பரிசோதனை நன்றாக இருந்தும் மூக்கு கெட்டுப்போயிருக்கலாம்.

இதற்குப் பெரிய சான்று 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்த நிகழ்வு. அங்கே தேங்கிய தூசி கடுமையான காரத்தன்மை கொண்டிருந்தது. இடிபாட்டுக்குள் நெருப்பு டிசம்பர் வரை புகைந்தது. அங்கே பணியாற்றியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவத் திட்டம், நாள்பட்ட சைனஸ் அழற்சியை அந்தப் பணியோடு தொடர்புடைய நோயாக ஏற்றுக்கொள்கிறது. அங்கிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இது: ஒருவர் முதல் நாள் தூசி மேகத்தில் நின்றதை மட்டும் பார்த்தால் போதாது. அதன்பின் எத்தனை நாள், எத்தனை மாதம் அங்கே வேலை செய்தார் என்பதையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

பாதுகாப்பு வழக்கமாகத் தளர்வது, ஆளை மீட்ட பிறகு நடக்கும் வேலையில்தான். தீ அணைந்துவிட்டது என்று சுவாசக் கருவியைக் கழற்றிவிட்டுக் கூரையைப் பிரிக்கும்போது, புகையே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், ஹைட்ரஜன் குளோரைடு போன்ற எரிச்சலூட்டும் வாயுக்கள் அங்கே இருக்கும். என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. எனவே புகையும் இடத்தில் சுவாசக் கருவியைக் கழற்றக் கூடாது. வெறும் தூசி மட்டும் உள்ள இடத்துக்கு என்95 உதவும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான். இரண்டு கையாலும் அதை மூடி மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்கோரம் காற்று கசிந்தால் உலோகப் பட்டையை மறுபடி அழுத்துங்கள். இரண்டு நாள் தாடிகூடக் கசிவுக்குப் போதும். ஈரமானதையும், மூச்சுவிடச் சிரமமானதையும் உடனே மாற்றுங்கள். பணி முடிந்ததும் முதலில் உடுப்பு, கடைசியில்தான் கவசம். உடுப்பை உதறும்போது எழும் தூசியைச் சுவாசிப்பவர்கள் ஏராளம்.

புகைபிடித்தல், ஒவ்வாமை, ஆஸ்துமா, மூக்கினுள் சதை வளர்ச்சி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடைப்பும் சளியும் ஒரு பக்கம் மட்டும் என்றால் மேல்பல் வேரில் சீழ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; கட்டி இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும்.

சிகிச்சையின் அடிப்படை உப்புநீர்க் கழுவல். ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய 240 மில்லி நீரில் அயோடின் சேராத உப்பு அரை தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. தினமும் ஒன்றிரண்டு முறை, வேலை முடிந்த அன்று கட்டாயமாக. குழாய் நீரைக் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடவே கூடாது. அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். கழுவிய பிறகு, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை வலது கையால் இடது துளைக்கும், இடது கையால் வலது துளைக்கும் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கட்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகும்.

சிகிச்சைக் காலத்தில் தூசி குறைந்த பணியைக் கேட்டுப் பெறுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், என்ன கவசம் என்று இப்போதே எழுதிவையுங்கள். பின்னாளில் இதைப் பணிசார்ந்த நோய் என்று காட்ட அந்தக் குறிப்பு தேவைப்படும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.