டிபிடி 1.8, 1.9: எதை முதலில் கற்பது?

தரவுக் கிடங்கில் எஸ்கியூஎல் (SQL) வினவல் மொழி கொண்டு தரவை உருமாற்றும் கருவி டிபிடி (dbt). அதன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்புகளான 1.8, 1.9 பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: புதிதாக நிறைய வந்திருக்கிறது. ஒன்றைக் கற்கத்தான் நேரமிருக்கிறது. எதைக் கற்கலாம், ஐயா?

யூனிட் டெஸ்ட், அதாவது நாமே கொடுக்கும் சிறு மாதிரித் தரவை வைத்து நாம் எழுதிய கணக்கைச் சோதிப்பது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மே மாதம் 1.8-இல் வந்தது. அதுவரை இருந்த சோதனைகள், அட்டவணை உருவான பிறகு உள்ளிருக்கும் தரவைப் பார்ப்பவை: நல் (null, அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம்) இருக்கிறதா, ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று. நாம் எழுதிய கணக்கு சரியா என்பதை அவை நேரடியாகச் சோதிப்பதில்லை.

விலையிலிருந்து தள்ளுபடியைக் கழிக்கும் மாடல் (அட்டவணையை உருவாக்கும் எஸ்கியூஎல் கோப்பு) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி பெறாத ஆர்டரில் அந்த இடம் நல். 500-இலிருந்து நல்லைக் (null) கழித்தால் எஸ்கியூஎல் தரும் விடையும் நல்தான். மொத்த விற்பனையைக் கூட்டும்போது அந்த 500 ரூபாய் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இப்போது யாமல் (YAML) அமைப்புக் கோப்பில் இரண்டே பதிவுகள் எழுதுங்கள்: விலை 500, தள்ளுபடி 50; விலை 500, தள்ளுபடி நல். எதிர்பார்க்கும் விடை 450, 500. மாடல்களைச் சோதித்து உருவாக்கும் பில்ட் (build) கட்டளை கொடுத்தால், அட்டவணை உருவாவதற்கு முன்பே சோதனை தோற்று, மாடல் அங்கேயே நின்றுவிடும். தவறான தொகை மேலாளரின் மேசைக்குப் போகாது. சோதனைக்குத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் எழுதினால் போதும் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

கேள்வி: எழுதிப் பார்த்தேன். என் மாடல் தரவெடுக்கும் மேல்நிலை மாடலின் அட்டவணை இல்லை என்று நிற்கிறது. மாதிரித் தரவைத்தான் நானே கொடுத்துவிட்டேனே?

பதிவுகளைக் கொடுத்தீர்கள், நெடுவரிசைகளின் பெயரையும் வகையையும் டிபிடி கிடங்கிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. மேல்நிலை மாடல்களை "எம்ப்டி" என்ற தெரிவுடன் ஒருமுறை ஓட்டுங்கள். அதுவும் 1.8-இல் வந்ததுதான். பதிவே இல்லாத வெற்று அட்டவணைகள் உருவாகும், செலவும் மிகக் குறைவு.

கேள்வி: தினசரி ஓட்டத்திலும் யூனிட் டெஸ்ட் இருக்க வேண்டுமா?

வேண்டாம். உள்ளீடு மாறாதபோது விடையும் மாறாது. நிரல் மாறும்போது ஓட்டினால் போதும்.

கேள்வி: 1.8-க்கு மாறியபோது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன் டிபிடியை இணைக்கும் அடாப்டரை மட்டும் நிறுவினேன். டிபிடி கட்டளையே வேலை செய்யவில்லை.

முன்பு அடாப்டரை நிறுவினால், டிபிடியின் மைய நிரலான dbt-core கூடவே வந்துவிடும். 1.8 முதல் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு நிறுவ வேண்டும்.

கேள்வி: பெரிய தரவைக் காலவாரியாகச் சிறு தொகுதிகளாகப் பிரித்து ஓட்டும், 1.9-இல் வந்த மைக்ரோபேட்ச் யாருக்குப் பயன்படும்? எங்களிடம் மூன்று ஆண்டு இணையதளப் பதிவுகள் இருக்கின்றன.

உங்களுக்கேதான். நிகழ்வு நேரம் எந்த நெடுவரிசையில் இருக்கிறது, எந்த நாளிலிருந்து தொடங்குவது, ஒரு தொகுதி என்பது மணியா, நாளா, மாதமா, ஆண்டா என்று சொல்லிவிட்டால், டிபிடி ஒவ்வொரு தொகுதியையும் தனி வினவலாக ஓட்டும். நடுவில் ஒரு நாள் மட்டும் தோற்றால், ரீட்ரை கட்டளை தோற்றதை மட்டும் மீண்டும் ஓட்டும். மூன்று ஆண்டையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தாமதமாக வந்து சேரும் பதிவுகளுக்காக முந்தைய ஒரு தொகுதியையும் அதுவாகவே திரும்பச் செய்யும்; அந்த எண்ணிக்கையை நீங்கள் கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நிகழ்வு நேரத்தை உங்கள் மாடலில் குறித்தால் போதாது, அது படிக்கும் மேல்நிலை மாடலிலும் குறிக்க வேண்டும். இல்லையென்றால் டிபிடி அங்கே வடிகட்டாது. ஒவ்வொரு நாளின் தொகுதிக்கும் மூன்று ஆண்டுத் தரவும் முழுதாகப் படிக்கப்படும். விடை தவறாமல் வரக்கூடும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், மாதக் கடைசியில் கிடங்கின் பில் வரும்வரை.