எச்.ஐ.வி. மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தால் சில நாள் நிறுத்தலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: எட்டு ஆண்டு எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை, இப்போது டோலுடெகிராவிர் என்ற வேறொன்று, தூக்கம் போனது, எடை ஏறுகிறது, சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று.

நிறுத்தாதீர்கள். அந்த இடைவெளியில் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும்.

இரவில் எடுக்கும் டோலுடெகிராவிரைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். மனச்சோர்வும் சேர்ந்தால் தாமதிக்காமல் சொல்லுங்கள். எஃபாவிரென்ஸ் இதற்கு நேர்மாறு: படுக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில். கொழுப்பு உணவு அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். இரவு பத்து மணிக்கு நாசி கண்டாரை (எண்ணெய் மிதக்கும் கறிச்சோறு) ஒரு பிடி பிடித்துவிட்டு அதை விழுங்கியவருக்குக் கட்டில் சுற்றியதில் வியப்பில்லை.

டோலுடெகிராவிரால் எடை கூடுவதும் அறியப்பட்ட விளைவே. ஆனால் பழி முழுவதையும் மாத்திரைமேல் போடமாட்டேன். இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்குக்கும் பங்குண்டு.

நீங்கள் எழுதாத ஒன்று: நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா? டோலுடெகிராவிர் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும். பொதுவாக மெட்ஃபார்மினை நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்குள் வைப்பார்கள். நம்மவர் பலர் நீரிழிவு மருத்துவரிடம் இந்த நோயைச் சொல்வதே இல்லை. கூச்சம் புரிகிறது, மருந்துச் சீட்டையாவது காட்டுங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை உணவோடு என்றால் டோலுடெகிராவிருடன் சேர்த்தே எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால், டோலுடெகிராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ விழுங்குங்கள்.

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடியிருந்தால் பதறவேண்டாம். டோலுடெகிராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலே அந்த எண்ணை உயர்த்தும். கூடவே, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் என்ற மருந்தும் எடுப்பவர் என்றால் மட்டும், காரணம் எது என்று மருத்துவர் பிரித்துப் பார்க்கட்டும்.